ஆபி ரோடு: அந்தக் கூடமா, அங்கே வேலை பார்த்தவர்களா?

சுழல்மேசை எழுதியது:

இரண்டு மாதங்களாக ஒரே கூடத்தில் பதிவான ராக் தொகுப்புகளை, அவை பதிவான வரிசையிலேயே கேட்டு வருகிறேன். லண்டனின் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில், ஆபி ரோடு 3ஆம் எண் வீட்டில் இருக்கும், அன்று ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த ஒலிப்பதிவுக்கூடம்தான் அது. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ (1966), ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ (1967), பிங்க் ஃப்ளாய்டின் முதல் தொகுப்பான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ (1967), பிறகு பீட்டில்ஸின் ‘ஆபி ரோடு’ (1969), பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973), ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975) என்று வந்து நின்றிருக்கிறேன். பத்தே ஆண்டுகளுக்குள் இத்தனையும் ஒரே கூரையின் கீழிருந்து வந்திருக்கின்றன என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

அந்த வீடு 1830களில் கட்டப்பட்டது. பிறகு ஈ.எம்.ஐ. ஆன கிராமஃபோன் கம்பெனி அதை 1929இல் வாங்கி, பின்புறத் தோட்டத்தில் கூடங்களைக் கட்டியது. 1931 நவம்பர் 12 அன்று எட்வர்ட் எல்கர் லண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்தித் திறந்து வைத்தார். அதாவது, ராக் இசைக்காக யாரும் அந்த இடத்தைக் கட்டவில்லை. ஆனாலும் பீட்டில்ஸ் பெரும்பாலும் பாடிய இரண்டாம் கூடத்தின் ஒலியை என்னால் உடனே அடையாளம் காண முடிகிறது. உயரமான கூரை, மேலே ஒரு மாடிப்படி ஏறிப் போனால் கட்டுப்பாட்டு அறை, கூடத்தின் பின்னால் எதிரொலிக்கென்று ஓர் அறை. அந்த அறையில் ஓர் ஒலிபெருக்கி பாட்டை ஒலிக்கும். மெருகிட்ட மண்குழாய்களிலும் சுவர்களிலும் மோதித் திரும்பும் ஒலியை ஒரு மைக் எடுத்துக் கலவைக்கு அனுப்பும். இன்று கணினியில் ஒரு விசையைத் தட்டிப் பெறுகிற எதிரொலிக்கு அங்கே ஒரு முழு அறையையே ஒதுக்கியிருந்தார்கள்.

இந்தத் தொகுப்புகளின் தன்மைக்கு அந்தக் கூடமே முதற்காரணம் என்று நான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் விளக்கமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழையநாடா எழுதியது:

நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் ஒரு வானொலி நிலையத்தில் நாடாக்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில், கூரையின் உயரத்தைவிட நாடாவில் இருந்த தடங்களின், அதாவது தனித்தனியே ஒலி பதியும் கோடுகளின் எண்ணிக்கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ முழுவதும் நான்கு தட இயந்திரங்களில் பதிவானது. ஒரு அங்குல அகல நாடாவில் நான்கே கோடுகள். அந்தத் தொகுப்பில் கேட்கும் வாத்தியங்களை எண்ணிப் பார்த்தால் நான்கு தடங்களுக்குள் அவை எப்படி அடங்கின என்று திகைப்பாக இருக்கும். அவர்கள் செய்தது இதுதான். நான்கு தடங்களும் நிரம்பியதும், அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தின் ஒரு தடத்திலோ இரண்டு தடங்களிலோ இறக்குவார்கள். மிச்சமுள்ள தடங்களில் புதிதாகப் பாடுவார்கள், வாசிப்பார்கள். தேவைப்பட்டால் மறுபடியும் இறக்குவார்கள். நாங்கள் வானொலி நாடகங்களில் இரண்டு இயந்திரங்களை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்திருக்கிறோம், ஆகையால் அதில் உள்ள அச்சம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும். அதைவிட முக்கியமானது, அப்படி இறக்கிய பிறகு முரசின் ஓசை குறைவு என்றோ பேஸ் கிட்டார் அதிகம் என்றோ யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவை ஒன்றோடொன்று கலந்து இறுகிவிட்டன. பாதிப் பாட்டுக்கூட முடியாத நிலையிலேயே அதன் முடிவான ஒலியை மனத்தில் கேட்டு முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே இப்படி வேலை செய்ய முடியும்.

அந்தத் தொகுப்பின் கடைசிப் பாடலான ‘எ டே இன் தி லைஃப்’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நடுவில் 24 தாளச் சுற்றுகளுக்கு என்ன வருவது என்று தெரியாமலேயே வெற்றிடம் விட்டுப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய உதவியாளர் மால் எவன்ஸ் சத்தமாக எண்ணிக்கொண்டே போய், முடிவில் ஓர் அலார மணியை ஒலிக்கவிட்டார். அடுத்த பகுதி தூக்கத்திலிருந்து எழுவதைப் பற்றியது என்பதால் அந்த மணி பாட்டிலேயே தங்கிவிட்டது. 1967 பிப்ரவரி 10 அன்று 40 கலைஞர்கள் கொண்ட இசைக்குழுவைப் பெரிய கூடமான முதலாம் கூடத்தில் அமர்த்தி அந்த இடைவெளியை நிரப்பினார்கள். அதற்கு நான்கு தடம் போதவில்லை. கூடத்தின் தொழில்நுட்பப் பொறியாளர் கென் டவுன்செண்ட் முதல் இயந்திரத்தின் ஒரு தடத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதித்து, அதைக்கொண்டே இரண்டாம் இயந்திரத்தின் மோட்டாரை ஓட்டினார். இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும். ஆனால் இரண்டையும் ஒரே கணத்தில் தொடங்குவது கையின் நிதானத்தைப் பொறுத்தது. இந்த வேலையில் கூடத்தின் சுவருக்கு என்ன பங்கு இருக்கிறது?

தந்திக்கம்பி எழுதியது:

ஐயா சொன்ன விளக்கம் மிகத் தெளிவு. ஆனால் அந்தக் கூடத்தையும் அந்த நிறுவனத்தையும் நாம் தேவைக்கு மேல் உயர்த்துகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. நான்கு தடங்களின் நெருக்கடியை ஒரு தவம் போலப் பேசுகிறோம். அந்த நெருக்கடியில் வேலை செய்தவர்கள் அதிலிருந்து தப்பிக்கத்தான் வழி தேடினார்கள்.

1968 கோடையில் லண்டன் சோஹோ பகுதியிலுள்ள டிரைடென்ட் கூடத்தில் எட்டுத் தட இயந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. ‘ஹே ஜூட்’ பாடலை ஜூலை 31 அன்று பீட்டில்ஸ் அங்கே போய்ப் பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் ஈ.எம்.ஐ.யிடமும் எட்டுத் தட இயந்திரம் வந்திருந்தது. ஆனால் தொழில்நுட்பப் பிரிவினர் அதைச் சோதித்துச் சான்றளிக்கும்வரை கூடத்துக்குள் விடுவதாக இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் பீட்டில்ஸ் வற்புறுத்திய பிறகே அது வெளியே வந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற குழு, தன் சொந்தக் கம்பெனியின் அலமாரியில் இருக்கும் இயந்திரத்துக்காகக் காத்திருந்திருக்கிறது.

இன்னொன்று. கூடத்தின் பெயரையே தாங்கிய ‘ஆபி ரோடு’ தொகுப்பும் முழுக்க அங்கே பதிவானதன்று. ‘ஐ வான்ட் யூ’ பாடலின் அடிப்படைப் பதிவு 1969 பிப்ரவரியில் டிரைடென்ட்டில் நடந்தது; ‘யூ நெவர் கிவ் மீ யுவர் மணி’ மே மாதம் ஒலிம்பிக் என்ற வேறொரு கூடத்தில் தொடங்கியது. கேட்கும்போது எது எங்கே பதிவானது என்று நம்மில் யாராவது பிரித்துச் சொல்ல முடிந்ததா?

கூடத்தின் ஒலிதான் முக்கியம் என்றால் நான் லெட் ஸெப்ளினின் நான்காம் தொகுப்பைத்தான் முன்வைப்பேன். அது பெரும்பகுதி ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவு வண்டியை வெளியே நிறுத்தி எடுத்தது. ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாடலுக்காக ஜான் பானமின் முரசுகளை மாடிப்படியின் அடியில் வைத்து, மேலே படித்தளத்தில் இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டு எடுத்தார் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். அங்கே மாடிப்படியே ஒரு வாத்தியம் ஆனது, அதுவும் ஒலிப்பதிவுக்கென்று கட்டாத ஒரு வீட்டில்.

சுழல்மேசை எழுதியது:

‘ஐ வான்ட் யூ’ டிரைடென்ட்டில் தொடங்கியது என்பது எனக்குத் தெரியாது. என் காதால் இரண்டாம் கூடத்தை அடையாளம் காண முடிகிறது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இருந்தாலும் கேள்வி மிச்சமிருக்கிறது: கூடம் இல்லையென்றால், வேறு எது?

பழையநாடா எழுதியது:

தந்திக்கம்பி சொன்ன உண்மைகளில் எனக்கு மறுப்பில்லை. அந்த நிறுவனம் மெதுவானதுதான். அங்கே தொழில்நுட்பப் பணியாளர்கள் வெள்ளை மேலங்கி அணிந்து நடமாடினார்கள். எதற்கும் ஒரு விதி இருந்தது. ஆனால் அந்த விதிகளைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால், நாம் விரும்பும் ஒலிகளில் பாதி அவற்றை ஒட்டியோ வெட்டியோ பிறந்தவை என்று தெரியும்.

அங்கே ஒருவர் நேரடியாக ஒலிப்பொறியாளர் ஆகிவிட முடியாது. பள்ளி முடித்த கையோடு சேர்ந்து, நாடாவை மாற்றும் உதவியாளராக நின்று, பெரியவர்கள் மைக் வைப்பதைப் பார்த்துக் கற்று, இசைத்தட்டுக்குக் குழி வெட்டும் அறையிலும் வேலை பார்த்து, பிறகே கலவை மேசைக்கு வர வேண்டும். நம் ஊரில் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகும் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். பீட்டில்ஸின் முதல் பொறியாளர் நார்மன் ஸ்மித் தயாரிப்பாளராக உயர்ந்து பிங்க் ஃப்ளாய்டை எடுத்துக்கொண்டார். அவர் விட்ட இடத்தில் ஜெஃப் எமெரிக் உட்கார்ந்தார். எமெரிக்கின் காலத்தில் உதவியாளராக நின்ற ஆலன் பார்சன்ஸ் பிற்பாடு ‘டார்க் சைட்’ தொகுப்பின் பொறியாளர் ஆனார். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தொழில் மாறிய இந்தத் தொடர்ச்சி அந்தப் பத்தாண்டுகளில் அறுபடவேயில்லை.

‘ரிவால்வர்’ தொடங்கிய 1966 ஏப்ரல் 6 அன்று எமெரிக்குக்கு வயது 20. ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாடலுக்கு ஜான் லெனன் தன் குரல் மலையுச்சியிலிருந்து ஓதும் துறவியின் குரலைப் போல் ஒலிக்க வேண்டும் என்று கேட்டார். ஹேமண்ட் ஆர்கனுக்கென்று சுழலும் ஒலிபெருக்கி ஒன்று உண்டு. குரலை அதன் வழியே செலுத்தி, வெளியே வருவதை மைக் வைத்துப் பிடித்தார் எமெரிக். முரசுக் கலைஞர் ரிங்கோவின் பெரிய முரசுக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை அதன் அருகே கொண்டுபோனார். காற்றழுத்தத்தால் விலையுயர்ந்த மைக் கெட்டுவிடும் என்று முரசிலிருந்து குறிப்பிட்ட தூரம் விட்டே வைக்க வேண்டும் என்பது கூடத்தின் விதி. அதை மீறியபோது என்ன கெடும், என்ன கெடாது என்று தெரிந்து மீறினார் என்பதுதான் இங்கே முக்கியம்.

லெனனுக்குத் தன் குரலைத் தானே மறுமுறை பாடி இரட்டிப்பது பிடிக்காத வேலை. அதற்காக டவுன்செண்ட் அதே ஆண்டில் ஒரு வழி கண்டுபிடித்தார். குரலை இன்னொரு நாடா இயந்திரத்துக்கு அனுப்பி, அதன் வேகத்தை மெல்ல ஏற்றி இறக்கி, மூலக் குரலை ஒட்டி ஆனால் மயிரிழை விலகி வருமாறு செய்தார். இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போலக் கேட்கும். கடையில் வாங்க முடியாத கருவியைத் தாங்களே பிணைத்துக்கொள்ளும் ஒரு பொறியியல் பிரிவு கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. ஹெட்லி கிரேஞ்சில் மாடிப்படி இருந்தது, ஐயமில்லை, டவுன்செண்ட் இல்லை.

விதியால் விளைந்த நன்மைக்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘ஆபி ரோடு’ தொகுப்பில் இடைவெளியின்றித் தொடரும் பாட்டுக்கோவையில் ‘ஹெர் மெஜஸ்டி’ என்ற குட்டிப் பாட்டு முதலில் நடுவே இருந்தது. பால் மெக்கார்ட்னிக்கு அது பிடிக்கவில்லை. வெட்டி எறியச் சொன்னார். நாடாப் பணியில் இருந்த இளைஞர் ஜான் குர்லண்டருக்கு எதையும் எறியக் கூடாது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆகவே வெட்டிய துண்டைத் தரையிலிருந்து எடுத்து, நாடாவின் கடைசியில், நீண்ட வெற்று நாடாவுக்குப் பிறகு ஒட்டி வைத்தார். கேட்டுப் பார்த்த மெக்கார்ட்னிக்கு அந்த எதிர்பாராத வருகை பிடித்துப்போயிற்று. முந்தைய பாட்டின் கடைசித் தட்டு அதன் முதலில் ஒட்டிக்கொண்டிருப்பதும், அதன் கடைசி ஸ்வரம் இல்லாமல் போனதும் அந்த வெட்டின் தழும்புகளே. ஒரு கடைநிலை ஊழியரின் ஒழுங்கு, ஒரு தொகுப்பின் முடிவையே மாற்றியது.

மழைக்குருவி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்றிரவு ‘வித்தின் யூ வித்தவுட் யூ’ பாடலை மறுபடி கேட்டேன். 1967 மார்ச் 15 அன்று இரண்டாம் கூடத்தில், லண்டனில் இருந்த ஏசியன் மியூசிக் சர்க்கிள் அமைப்பின் வழியாக வந்த இந்தியக் கலைஞர்கள் தில்ரூபாவும் தபலாவும் தம்பூராவும் வாசித்தார்கள். ஏப்ரலில் அதன் மேல் எட்டு வயலின்களும் மூன்று செல்லோக்களும் சேர்ந்தன. தில்ரூபா ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகும் வழியை மேற்கத்திய வயலின் கலைஞர்களும் பின்பற்றும்படி பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதித் தர வேண்டியிருந்தது. கமகத்தை ஐந்து கோடுகளுக்குள் எழுதுவது எவ்வளவு சிரமம் என்பதை வாய்ப்பாட்டு கற்றவர்கள் அறிவார்கள். வெளியான உறையில் அந்த இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன். நாம் பீட்டில்ஸையும் ஃப்ளாய்டையும் மட்டுமே பேசுகிறோம். 1967இல் அந்தக் கட்டடத்தில் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பீட்டில்ஸ் இரண்டாம் கூடத்தில் ‘லவ்லி ரீட்டா’ பாடலில் இருந்த மார்ச் 21 அன்று, மூன்றாம் கூடத்தில் முதல் தொகுப்பை எடுத்துக்கொண்டிருந்த பிங்க் ஃப்ளாய்ட் இளைஞர்களை நார்மன் ஸ்மித் அழைத்துப் போய் அவர்களைப் பார்க்கவைத்தார். ஜூன் மாதம் ஜோம்பீஸ் குழுவினர் சிறிய செலவுத்தொகையோடு உள்ளே வந்து ‘ஒடெஸ்ஸி அண்ட் ஒராக்கிள்’ தொகுப்பைத் தொடங்கினார்கள். லெனன் விட்டுச் சென்ற மெலோட்ரான் என்ற விசைப்பலகை வாத்தியத்தை அவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தத் தொகுப்பு 1968இல் வெளிவரும் முன்பே குழு கலைந்துவிட்டது. அதிலிருந்த ‘டைம் ஆஃப் தி சீசன்’ 1969இல் அமெரிக்காவில் பெருவெற்றி பெற்றபோது அதைக் கொண்டாடக் குழு இல்லை. அதே நார்மன் ஸ்மித்தின் தயாரிப்பில் பிரிட்டி திங்ஸ் குழு ‘எஸ்.எஃப். சாரோ’ தொகுப்பை எடுத்தது. ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து முதுமைவரை பாட்டுகளாகவே சொல்லும் தொகுப்பு அது; இந்த இழையில் உள்ள எல்லாரும் அதைக் கேட்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

தந்திக்கம்பி எழுதியது:

‘ஹெர் மெஜஸ்டி’ கதைக்குப் பிறகு என் வாதத்தின் ஒரு பகுதியைக் கைவிடுகிறேன். நிறுவனம் மெதுவானது என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பட்டறைப் பழக்கம் தடங்களின் எண்ணிக்கை கூடிய பிறகும் போகவில்லை என்பதை ‘டார்க் சைட்’ காட்டுகிறது. 1972இல் அங்கே 16 தடங்கள் இருந்தன. அப்படியிருந்தும் ‘மணி’ பாடலின் தொடக்கத்தில் வரும் நாணயம், கிழியும் காகிதம், பணப்பெட்டி ஆகிய ஓசைகளைத் தனித்தனி நாடாத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் அளவுகோலால் அளந்து, ஏழு அடி தாளத்துக்குப் பொருந்த ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டார்கள். ‘டைம்’ பாடலில் ஒருசேர அடிக்கும் கடிகாரங்களை ஆலன் பார்சன்ஸ் ஏற்கெனவே ஒரு பழங்காலக் கடிகாரக் கடையில் வேறொரு சோதனைக்காக ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார். அந்தத் தொகுப்பின் இடையிடையே கேட்கும் பேச்சுக்குரல்களில் ஒன்று கூடத்தின் வாயிற்காவலர் ஜெரி ஓ’டிரிஸ்காலுடையது. நிலவுக்கு இருண்ட பக்கம் என்று ஒன்று இல்லை என்று இறுதியில் சொல்பவர் அவரே.

ஆனால் இதே தொகுப்பில் ஒரு குறையும் இருக்கிறது, அதையும் நாம் சொல்லியாக வேண்டும். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாடலில் சொற்களே இல்லாமல் உயிரை உருக்கும் கிளேர் டாரியின் குரல் 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவானது. அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. அதுவும் ஞாயிறு என்பதால் இரட்டிப்புக் கூலி. எந்த மெட்டும் எழுதித் தராமல், அவர் அங்கேயே கற்பனை செய்து பாடியதுதான் அந்தப் பாட்டின் உடல். 2004இல் அவர் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு உடன்பாடு ஏற்பட்ட பிறகே பிங்க் ஃப்ளாய்டின் ரிச்சர்ட் ரைட்டோடு சேர்த்து அவர் பெயரும் இசையமைப்பாளராக இடம்பெறத் தொடங்கியது. மழைக்குருவி சொன்ன உறையில் இல்லாத பெயர்களோடு இதையும் சேர்த்து நினைக்கிறேன்.

மழைக்குருவி எழுதியது:

‘விஷ் யூ வேர் ஹியர்’ பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 1975 ஜூன் 5 அன்று, தங்களுடைய பழைய தலைவரான சிட் பாரெட்டை நினைத்து எழுதிய ‘ஷைன் ஆன் யூ க்ரேஸி டயமண்ட்’ பாடலின் கலவையில் குழுவினர் இருந்தபோது, தலைமுடியும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தார். அது சிட் என்று உணரவே அவர்களுக்கு வெகுநேரம் பிடித்தது. எட்டாண்டுகளுக்கு முன் அவரும் அவர்களும் முதல் தொகுப்பை எடுத்த அதே கட்டடம். அவர் வேறு எங்கே போய் அவர்களைத் தேடியிருக்க முடியும் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே நாட்களில் பக்கத்துக் கூடத்தில் வயலின் மேதைகள் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் யெஹூதி மெனுஹினும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிராப்பெல்லி வந்து தலைப்புப் பாட்டின் முடிவில் வாசித்தார். மெனுஹின் 1932இல் பதினாறு வயதுப் பையனாக, எல்கர் நடத்த, எல்கரின் வயலின் கச்சேரியிசையை வாசித்துப் பதிவு செய்ததும் அதே ஆபி ரோட்டில்தான்.

சுழல்மேசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கூடம் என்று நான் எழுதியபோது சுவர்களையே நினைத்தேன், பட்டறையை நினைக்கவில்லை. ஒரே ஒரு நடைமுறைக் கேள்வி: ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தொகுப்பை மோனோவில் (ஒரே ஒலிவழி) கேட்பதா, ஸ்டீரியோவில் (இட வல இரண்டு ஒலிவழிகள்) கேட்பதா? என்னிடம் இருப்பது ஸ்டீரியோ மட்டுமே.

பழையநாடா எழுதியது:

மோனோவைத் தேடிப் பிடியுங்கள். 1967இல் இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஒலிபெருக்கிதான். ஆகவே பீட்டில்ஸ் உடனிருந்து, நாள் கணக்கில் செலவிட்டுச் செய்தது மோனோக் கலவையே. ஸ்டீரியோவைப் பிறகு மார்ட்டினும் எமெரிக்கும் அவர்கள் இல்லாமல் விரைவாகச் செய்து முடித்தார்கள். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ பாடலை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மோனோவில் நாடா சற்று வேகமாக ஓடுகிறது, சுருதியும் ஏறியிருக்கிறது. வீட்டை விட்டுப் போகும் அந்தப் பெண் ஸ்டீரியோவில் தயங்கித் தயங்கிப் படியிறங்குகிறாள். மோனோவில் அவள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டாள். கேட்ட பிறகு உங்களுக்கு எது சரியென்று படுகிறது என்பதை இங்கேயே எழுதுங்கள்.